பெருவிரல் மூட்டு, மாதிரி 41

இரவு இரண்டே கால்.
யன்னலுக்கு வெளியே ஒரு மான்
குப்பைக்கூடையில் பழைய பத்திரிகையை
மென்றுகொண்டு நிற்கிறது.
திருகோணமலையில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கண்ணாடித் தட்டில் ஒரு துளி.
பிலேந்திரனின் வலது பெருவிரல் மூட்டிலிருந்து
டொக்டர் ஊசியால் இழுத்தெடுத்தது.
துறைமுகத்து இழுவைப் படகில் எஞ்சின் பார்ப்பவர்.
பாலையூற்றில் மச்சானின் மகளுக்கு
முதல்நன்மை விருந்தாம்.
இறால் எவ்வளவு சாப்பிட்டார் என்று
டொக்டர் எழுதவில்லை,
மூன்று ஆச்சரியக்குறி மட்டும் போட்டிருக்கிறார்.

சரியான நுணுக்குக்காட்டி எங்களிடம் இல்லை.
பழுதாய்ப்போன இரண்டு கல்குலேட்டர்களின் திரையை உரித்து
ஒன்றை விளக்கின் மேலும்
ஒன்றைக் கண்வில்லைக்குள்ளும்
குறுக்கு மறுக்காக வைத்திருக்கிறேன்.
எல்லாம் இருண்டது.
இருட்டுக்குள் ஊசிகள் மட்டும் எரிந்தன.

ஒரு வெண்கலம்
தன்னைவிட நீளமான ஊசியை விழுங்கி
இரு பக்கமும் முனை துருத்த நின்றது,
மீன்முள்ளை விட்டுக்கொடுக்காத
பூனைக்குட்டி மாதிரி.

இதற்கு மேல் என் கண் போகாது.
மிச்சத்தைப் படித்ததை வைத்துப் பார்க்கிறேன்.

கலத்துக்குள்ளே இலைசோசோம்.
ஒரு நெல்மணிக்குள் கோடி அடுக்கலாம், அவ்வளவு சின்னப் பை.
பை நிறைய அமிலம்,
எதையும் கரைக்கிற நொதியங்கள்.
எல்லாவற்றையும் தின்னுகிற ஒன்றுக்கு
இவ்வளவு மெல்லிய தோல்.

ஊசி அதைக் கிழிக்கிறது.

முதலில் கல்சியம் கசிகிறது.
கூப்பிட முன்னமே புரதங்கள் வந்து
ஓட்டையைச் சுற்றி வளையமாய் இறுகி
கிழிந்த விளிம்பைக் கிள்ளி எடுக்கின்றன.

கிழிசல் பெரிதென்றால்
சுவரின் உட்பக்கத்துச் சர்க்கரைச் சங்கிலிகள்
வெளியே தெரியத் தொடங்கும்.
அதைக் கண்டதும் வேறு சில புரதங்கள்
வந்து ஒட்டிக்கொள்ளும்.
வீட்டின் உட்சுவர் நிறம்
தெருவில் நின்று பார்க்கத் தெரிந்தால்
என்ன நடந்திருக்கிறதென்று
இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அப்போது
அகமுதலுருச் சிறுவலை
(பாடசாலையில் இந்தப் பெயரைச் சொல்லி
நாக்குச் சுளுக்கியது ஞாபகம்)
கிட்ட வந்து, தொட்டுக்கொண்டு,
கொழுப்பை ஊற்றுகிறது.
ஆம், கொலஸ்திரோலும்தான்.
கிளினிக்கில் நாங்கள் ஒவ்வொரு செவ்வாயும் திட்டுகிற அதே சாமான்
அங்கே ஓட்டை அடைக்கிறது.

அதுவும் சரிவராவிட்டால்
முத்திரை குத்தி,
இரட்டைச் சவ்வால் பொதிந்து,
உடைந்ததை
உடையாத இன்னொரு இலைசோசோமிடம் கொண்டுபோகும் கலம்.
அது இதைத் தின்னும்.
அதற்கிடையில் கருவுக்குத் தகவல் போயிருக்கும்:
புதிது வேணும், உடனே.

ஆய்வுகூட ஓட்டையில் ஒரு முகம்.
ஒரு கால் செருப்போடு,
மற்றச் செருப்பு கையில்.
"என்ன தங்கச்சி, இறால்தானோ?"
"ஊசி, அண்ணை. உங்கட ரத்தத்தில விளைஞ்சது.
கலத்துக்குள்ள போய்க் குத்துது."
"எல்லா ஊசியும் குத்தினதோ?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.
தெரியாது என்றேன்.
அடைபட்ட ஓட்டைகள் சத்தம் போடுவதில்லை.
அடைக்க முடியாமல் போனவைதான்
உங்கள் விரலை இப்படிச் சிவக்க வைத்திருக்கின்றன.

அவர் கொஞ்சம் யோசித்தார்.
"எங்கட போட்டிலயும் அப்படித்தான்.
பம்ப் ஓடுற வரைக்கும்
ஒருத்தரும் கீழ இறங்கிப் பாக்கிறேல்ல."

பிறகு குதிக்காலில் நடந்து போனார்,
வாங்கு வாங்காய்ப் பிடித்துக்கொண்டு.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
வெண்கலங்கள்: முப்பத்தெட்டாயிரம்.
பளிங்குகள்: உண்டு.
மூன்றாவது கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதலாமா என்று
பேனையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்,
மைப்பொட்டு ஒன்று விழுந்தது,
அதோடு கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மான் இன்னும் போகவில்லை.
விளையாட்டுப் பக்கத்துக்கு வந்திருக்கிறது.